பட்டாளத்துப் பெட்டி யாருக்கு?

பட்டாளத்துக்குப் போய்வந்தவர் செத்துப்போனால் நம் சேரிகளில் நிலத்துக்காகச் சண்டை வருவதில்லை. நிலம் எங்கே இருக்கிறது, சண்டை வர? பென்ஷன் குறைந்து பெண்சாதி பேருக்கு மாறும். கேண்டீன் கார்டு யார் கையில் இருப்பது என்று கொஞ்ச நாள் பேச்சு நடக்கும். அப்புறம் மிஞ்சுவது கறுப்புப் பெயின்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் நம்பரும் பேரும் எழுதிய ட்ரங்குப் பெட்டிதான். அதற்குள்ளே மெடல், பெல்ட், பூட்ஸ், டிஸ்சார்ஜ் புத்தகம், வரிசையாக நின்று எடுத்த போட்டோ. இதை மூத்தவன் எடுப்பதா, இளையவன் எடுப்பதா, பழைய இரும்புக்காரனுக்குப் போடுவதா?

பார்வைக்குச் சின்னச் சமாச்சாரம். ஆனால் இதற்குள்ளே நாம் இன்னும் நேராகப் பேசாத கேள்வி ஒன்று கிடக்கிறது. ஆளுகிறவன் கையால் கொடுத்த கௌரவம் நம்முடைய கௌரவம் ஆகுமா? வெள்ளைக்காரன் படையிலோ, பிறகு இந்த நாட்டின் படையிலோ துப்பாக்கி தூக்கியதற்காகக் கொடுக்கப்பட்ட ஒரு தகட்டைப் பிள்ளைகளுக்குச் சொத்து என்று கொடுக்கலாமா?

கூட்டங்களில் தோழர்கள் சிலர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். "அது அடிமை மனசுங்க. எஜமான் போட்ட எலும்பைத் தொடச்சித் தொடச்சி வச்சிக்கிட்டிருக்காங்க." இந்தப் பதிலில் எனக்குச் சம்மதம் இல்லை. பூட்ஸ் துடைக்கிற கிழவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காராதவர்கள் சொல்கிற பதில் இது. அதே நேரம், "போர்ப்படை கண்ட பரம்பரை" என்று தாத்தாவின் போட்டோவை ஃபிளெக்ஸில் போட்டு மீசை முறுக்குகிற நம் பையன்களின் பதிலிலும் எனக்குச் சம்மதம் இல்லை. இரண்டு பேருமே பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

செஞ்சிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்க வேண்டும். எங்கள் ஊரே ஒரு பட்டாளத்துப் பெட்டிதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சேர்த்து வளைத்த மதில். 1677இல் சிவாஜி பிடித்தார். 1690இலிருந்து முகலாயர்கள் முற்றுகை போட்டு எட்டு வருஷம் கழித்து வாங்கினார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரன், 1761இல் இங்கிலீஷ்காரன். ராஜகிரி உச்சியில் இன்றைக்கும் பீரங்கி கிடக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்று பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று எங்கள் செஞ்சி. ஊரே சந்தோஷப்பட்டது. ஆக, சண்டைக்காகக் கட்டிய பொருளை, சண்டை முடிந்து நூற்றாண்டுகள் போன பின்னாலும் பத்திரப்படுத்திப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் உலகத்துக்கே ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை எல்லாம் காலனி வீட்டுப் பரணில் இருக்கிற பெட்டியைப் பற்றித்தான் வருகிறது.

தேசிங்குராஜன் கதையையும் நினைத்துக்கொள்ளலாம். 1714இல் ஆற்காட்டு நவாப் சாததுல்லாகான் படையோடு மோதி, சின்ன வயசிலேயே செத்துப்போன ராஜபுத்திரன். ஜெயித்தவனும் இல்லை. இந்த ஊர்க்காரனும் இல்லை. ஆனால் அவனுக்குப் பாட்டு இருக்கிறது. அவனோடு செத்த சிநேகிதனுக்கும் அந்தப் பாட்டில் இடம் இருக்கிறது, குதிரைக்கும் இருக்கிறது. அந்தக் குதிரைக்குச் சேணம் தைத்தவனுக்கு, கடிவாள வார் அறுத்தவனுக்கு, வாள் உறைக்குத் தோல் பதம் பண்ணியவனுக்கு இடம் இல்லை. செஞ்சியில் நாலாவதாக ஒரு சின்ன மலை உண்டு. சக்கிலி துர்க்கம் என்று பேர். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை, கைடுகளும் கூட்டிப்போவதில்லை. குதிரைப்படை வைத்து நடந்த அரசாங்கம் தோல் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடியிருக்காது என்பதற்கு வேறு சாட்சி என்ன வேண்டும்? நம் காலனிப் பையன்களே அந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் தாத்தா போட்ட பூட்ஸும் தோல்தான்.

செஞ்சிக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் எனக்குத் தாத்தா முறையாகும் பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். சீனச் சண்டை முடிந்து ஆள் எடுத்தபோது 1963இல் மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பெங்களூரில் பயிற்சி. பாலம் போடுவது, ரோடு போடுவது, மைன் புதைப்பது, புதைத்ததை எடுப்பது. 1965 சண்டையையும் 1971 சண்டையையும் பார்த்துவிட்டு 1981இல் ஹவில்தாராக வீட்டுக்கு வந்தார். மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பாயில் பரப்பி, துணி போட்டுத் துடைத்து, திரும்ப அதே வரிசையில் அடுக்குவார். மெடல்களைத் துடைக்க ரெண்டு நிமிஷம்தான். ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருப்பது விளிம்பில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிகிற ஒரு மக்.

ஏன் தாத்தா என்று கேட்டேன். அவர் சொன்னது:

"மெடலு கவர்மெண்டு குடுத்தது கண்ணு. எனக்குன்னா குடுத்தான்? சண்டையில இருந்த எல்லாருக்கும் குடுத்தான். பூட்ஸு தேஞ்சா வேற குடுப்பான். இந்த மக்குலதான் பாரு, பஞ்சாப்காரன் டீ குடிச்சிருக்கான், மலையாளத்தான் குடிச்சிருக்கான். ஐயரு ஒருத்தர் கிளார்க்கா இருந்தாரு, அவரும் குடிச்சிருக்காரு. ராத்திரி மைன் எடுத்துட்டு வந்தா கை நடுங்கும். யாரு மக்குன்னு எவன் பாப்பான்?"

1966இல் லீவில் வந்தபோது ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்குத் தனி டம்ளர். வெளியே தட்டியில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், நாமே எடுத்து, நாமே கழுவி வைக்க வேண்டும். இவர் அதைத் தொடவில்லை. பையிலிருந்து இந்த மக்கை எடுத்து நீட்டினார். கடைக்காரர் ஒரு முழம் உயரத்தில் தூக்கிப் பிடித்து, மக்கில் படாமல் ஊற்றினார். "ஊத்துறான், பாதி டீ கீழ போவுது. நானும் கைய எடுக்கல, அவனும் எறக்கல. அது நான் ஜெயிச்சதா தோத்ததா, இன்னிக்கி வரைக்கும் எனக்குப் புரியல கண்ணு. அவன் டம்ளர நான் தொடல. ஆனா அவன் கிளாஸயும் நான் கேக்கலியே."

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிக்கொண்டு வந்து பல நாள் யோசித்தேன். மானம் என்றால் என்ன என்று எம்.ஏ. வகுப்பில் நிறையவே படித்திருக்கிறோம். மயிர் நீப்பின் வாழாத மான் வரைக்கும் பரீட்சையில் எழுதினோம். சொந்தமாக மக் கொண்டுபோகிறவன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறானா, தீட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுக்கிறானா என்று அங்கே எவரும் கேட்கவில்லை. இவர் அறுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்காகத்தான் அந்த மக்கைத் தூக்கிப்போடவில்லை.

பூட்ஸுக்கும் கதை உண்டு. அதே லீவில் பஸ்ஸை விட்டு இறங்கி ஊர்த்தெருவழியாக வரும்போது, எதிரே ஓடிவந்த அவருடைய அம்மா தெரு முக்கிலேயே கையெடுத்துக் கும்பிட்டாராம். "கழட்டிடுடா, நான் இங்கதான பொழைக்கணும்." கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். பெட்டியில் இப்போது இருப்பது அந்த ஜோடி இல்லை, 1981இல் ரிட்டையராகி வந்தபோது போட்டிருந்தது. அப்போது அம்மா உயிரோடு இல்லை. கழற்றாமல் நடந்து வந்திருக்கிறார். பார்த்தவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா இருந்திருந்தா அன்னிக்கும் கழட்டித்தான் இருப்பேன்" என்றார்.

இதை அடிமை மனசு என்று சொல்கிறவர் சொல்லிக்கொள்ளட்டும். அவர் துடைத்து வைத்திருப்பது ராணுவத்தை என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றபோது அவர் யாராக இருந்தாரோ, அந்த ஆளைத்தான் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார். ஊர் அவருக்குக் கொடுக்காத ஒரு நடையை வேறு எங்கோ போய்ப் பழகிக்கொண்டு வந்தார். பழக்கிக் கொடுத்தவன் எதற்காகப் பழக்கினான் என்பது வேறு விஷயம்.

வேறு விஷயம்தான், ஆனால் அதையும் பேசித்தான் ஆக வேண்டும். பட்டாளத்தில் சாதி இல்லையா? "இருந்தது, வெளிய தெரியாம" என்கிறார் தாத்தா. வெளியே தெரிகிற மாதிரியும் இருந்தது. கம்பெனிக்காரன் காலத்தில் மதராஸ் படையில் பறையர்கள் ஏராளம், பயனியர்களிலும் சாப்பர்ஸிலும் அதற்குப் பிறகும் இருந்தார்கள். 1857க்குப் பின்னால் 'வீரமரபு' என்று ஒரு கதை கிளப்பினார்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியப் படைக்கே தளபதியானவர், தெற்கத்திச் சிப்பாய் சண்டைக்கு லாயக்கில்லை என்று புத்தகத்திலேயே எழுதி வைத்தார். மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. பம்பாய்ப் படையில் மகர்களை எடுப்பது 1890களின் தொடக்கத்தில் நின்றுபோனது. ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வாலங்கர், நாங்கள் எத்தனை தலைமுறை ரத்தம் சிந்தினோம் என்று 1894இல் ஒரு மனு எழுதினார். ஆள் தேவைப்பட்டபோது மட்டும் கதவு திறந்தது. முதல் உலகப்போரில் மகர்களுக்கு ஒரு பட்டாளம் வந்தது, போர் முடிந்து கலைத்தார்கள். இரண்டாம் போர் வந்தபோது 1941இல் மகர் ரெஜிமெண்ட். 1943இல் எழுப்பிய சமார் ரெஜிமெண்டை 1946இல் கலைத்துவிட்டார்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு இன்றைக்கும் ராஜபுத்திரர், ஜாட், சீக்கியர் என்ற மூன்று பிரிவிலிருந்துதான் ஆள் எடுப்பது வழக்கமாக இருக்கிறது. இது குடியரசு.

மெடலிலேகூட வருணம் இருந்தது. முதல் உலகப்போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர் மெடல் சிப்பாய்க்கு வெள்ளியில். அதே மெடல், அதே ராஜா தலை, கூலிப்படையில் போய் மண் வெட்டியவனுக்கும் மூட்டை சுமந்தவனுக்கும் வெண்கலத்தில். தமிழ்நாட்டு ஊர்களில் அந்தப் போருக்கென்று வைத்த கல்வெட்டுகள் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். பேர் கிடையாது. ஆகவே பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் தன் பேரைத் தானே எழுதிக்கொண்டவனை நான் லேசாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

பீமா கோரேகானை இங்கே நினைக்காமல் முடியாது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையோடு நடந்த சண்டைக்காகக் கம்பெனிக்காரன் தன் வெற்றியைச் சொல்லிக்கொள்ள வைத்த தூண் அது. அதில் பொறித்த இறந்தவர் பேர்களில் 22 மகர்களுடையவை என்று கணக்கிடுகிறார்கள். அண்ணல் அம்பேத்கர் 1927இல் அங்கே போனார். அவர் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், தாத்தாவும் பட்டாளத்துக்காரர். வெள்ளைக்காரன் இந்தியாவைப் பிடித்ததே தீண்டப்படாதவர்களின் படையை வைத்துத்தான் என்று பின்னால் எழுதவும் செய்தார். அவருக்கு அதில் பெருமையும் இருந்தது, கணக்குக் கேட்கிற கோபமும் இருந்தது. தூணை வைத்தவன் ஒன்றை நினைத்து வைத்தான், வருஷா வருஷம் போகிற ஜனங்கள் வேறொன்றை அதில் வாசித்தார்கள். மகர் ரெஜிமெண்டின் சின்னத்தில் முதலில் அந்தத் தூண் இருந்தது. பிறகு எடுத்துவிட்டுக் கத்தியைப் போட்டார்கள். சண்டையின் இருநூறாவது வருஷத்தில், 2018இல், அங்கே கூடிய ஜனங்கள்மீது தாக்குதல் நடந்ததும், அதைச் சாக்கிட்டு எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் வருஷக்கணக்கில் சிறையில் கிடந்ததும் நமக்குத் தெரியும். வெறும் கல்லுக்காகவா இவ்வளவும்? கொடுத்தவன் சொன்ன அர்த்தம் வாங்கினவன் கையில் மாறிப்போனது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அம்பேத்கருக்கு அவர் அப்பா விட்டுப்போனது மெடலா? பட்டாளத்தில் சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. ராம்ஜி படைப் பள்ளியில் பதினாலு வருஷம் தலைமை ஆசிரியர். அந்தப் படிப்புத்தான் சொத்தாக வந்தது. நம் பெட்டிகளிலும் மெடலுக்கு அடியில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும். தாத்தாவின் புத்தகத்தில் நடத்தை என்ற இடத்தில் மிக நன்று என்று ஆபீசர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாலுகா ஆபீசில் நாம் வாங்குகிற காகிதத்தில் சாதி மட்டும் இருக்கும். எங்கள் காலனியில் அந்தத் தலைமுறை ஆள் ஒருவரைப் பற்றி "நல்லவர்" என்று அரசாங்கம் எழுதிக்கொடுத்து நான் பார்த்த காகிதம் அது ஒன்றுதான். 2022இலிருந்து நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்கிறார்களே, நாலில் மூன்று பேருக்குப் பென்ஷன் இல்லாமல் வீடு. அந்தப் பையன்களுக்குப் பெட்டி மட்டும் மிஞ்சும்.

இனி, எனக்குக் கஷ்டமான இடம். அதே வட்டாரத்தில் இன்னொருவர். சித்தப்பா முறை. மெட்ராஸ் ரெஜிமெண்ட். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம். அவர் வீட்டிலும் பெட்டி உண்டு, திறப்பதில்லை. மெடல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையில் கிடக்கிறது. மகன் கல்லூரியில் படிக்கிறான், அப்பா சிலோன் போனார் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் சுட்டது. அவர் அங்கே இல்லை, வேறு இடத்தில் இருந்தார். வேறு இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். ரொம்ப நேரம் பீடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தியில கத்தியிருந்தா புரியாம போயிருக்கும். 'ஐயோ அம்மா'ன்னு கத்தினாங்க. நம்ம வூட்ல கத்துற மாதிரியே."

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் படை 1990 மார்ச்சில் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. ஆயிரத்துக்கு மேல் இந்தியச் சிப்பாய்களும் அங்கே செத்திருந்தார்கள். போகாதது சரியா என்று நாம் வாதம் பண்ணலாம். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. சேரியிலிருந்து போனவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, இன்னொரு நாதியற்ற ஜனத்தின் வாசலில் நிறுத்தி, முடிந்ததும் ரெண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் போனவன் என்று சொல்லி அவரை விடுவித்துவிட எனக்கு மனசு வரவில்லை. நம்மை அடித்த அடியாள்களும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள்தான். அவர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் கட்டிவிடவும் முடியவில்லை.

தாத்தாவின் பெட்டியைக் கொண்டாடுகிற நாம், சித்தப்பாவின் மஞ்சள் பையை மட்டும் கிணற்றில் போடச் சொல்ல முடியுமா? சொல்லக்கூடாது என்பதுதான் என் கட்சி. பொருளை மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கொடுக்காமல் போனால், அது ஆதிக்க சாதிக்காரன் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிற வாள் மாதிரி. யாரை வெட்டினது என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டார்கள். வெட்டுப்பட்ட பக்கத்து ஆட்களான நாம் அதே வழக்கத்தை நம் வீட்டில் தொடங்குவதா? எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அது எங்கே போனது, யாருக்கு எதிரில் நின்றது என்று சேர்த்துச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்ல வாய் வராவிட்டால், பிள்ளை கேட்கிற வரைக்கும் தூக்கி எறியாமலாவது வைத்திருக்க வேண்டும்.

தாத்தா வீட்டுப் பங்கீடு போன தை மாசம் முடிந்துவிட்டது. மெடல்கள் மூத்த மகனுக்கு. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். இளையவர் பெட்டியை எடுத்துக்கொண்டார், மோட்டார் சாமான் போட்டுவைக்க. மகள் சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறவர். அவர் மக்கைக் கேட்டார். "பொம்பளப் புள்ளைக்குப் பட்டாளத்துச் சாமான் எதுக்கு?" என்று தாத்தாவே முதலில் இழுத்தார். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு அருந்ததியர் அம்மா பள்ளியில் சமைக்கக்கூடாது என்று ஊரே திரண்டு இடமாற்றம் பண்ண வைத்தார்களே, போராட்டம் நடந்த பிறகுதான் திரும்ப அதே பள்ளிக்கு வந்தார், அந்தச் செய்தியைத் தினசரி பார்த்துக்கொண்டே அடுப்புப் பற்றவைக்கிறவர் இந்த மகள். "எங்கையால ஆக்குனத நூறு புள்ளைங்க துன்னுது. இந்த மக்கு எனக்குத்தான் வேணும்" என்றார். கொடுத்துவிட்டார். இப்போது அதில்தான் பருப்பு அளக்கிறார். பூட்ஸை ஒருவரும் கேட்கவில்லை. அளவு சேராது என்றார்கள்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதறதுன்னா எழுது. எம் பேரு போடாத" என்றார். போடவில்லை. இந்த இதழை உன் மகனுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்ரஸை மட்டும் ரெண்டு தடவை திருத்திச் சொன்னார், ஹாஸ்டலுக்கு அனுப்பு, வீட்டுக்கு வேணாம் என்று.